ரெண்டு கிலோப் பிள்ளை

"ரெண்டு கிலோ வரலை" என்றார் பிச்சைமணி முதலாளி.

ஏலக்காய்க் கடையில் நின்ற அத்தனை பேரும் சந்திரவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பெத்தவளைப் பார்க்கிற பார்வையா அது? திருடியைப் பார்க்கிற பார்வை.

தராசின் ஒரு தட்டில் அவள் மகன். எட்டாம் மாசமே அவசரப்பட்டு வந்துவிட்ட பயல். எதிர்த் தட்டில் ரெண்டு கிலோ எடைக்கல். கல் இருந்த தட்டு அசைந்து கொடுக்கவே இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிழைக்க வைத்து அனுப்பும்போதே டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். தாய்ப்பால் மட்டும்தான். சப்பத் தெம்பில்லாவிட்டால் பீய்ச்சி எடுத்துப் பாலாடைச் சங்கில் ஊட்டு. வாரா வாரம் எடை பார். அடுத்த மாசம் இங்கே வரும்போது ரெண்டு கிலோவைத் தொட்டிருக்கணும்.

அவர்கள் இருக்கிற மலைக்கிராமமான குரங்கணியில் எடை பார்க்க எங்கே போவது? "நம்ம தராசு என்னத்துக்கு இருக்கு, கொண்டா" என்றவர் இந்தப் பிச்சைமணிதான்.

புருஷன் காசிமாயன் விளைந்த ஏலக்காயை அந்தக் கடையில் விற்கப் போடிக்கு ஜீப்பில் இறங்கும்போதெல்லாம் சந்திரவல்லியும் பிள்ளையோடு வந்தாள். காயை நிறுத்து முடித்ததும் முதலாளி தட்டைத் துடைத்து, ஒரு துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்துவார். அதே மாதிரி இன்னொரு துண்டை மடித்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைப்பார். துண்டோட கனம்கூடப் பிசகக் கூடாதாம். மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று கடையே மெச்சும்.

முதல் வாரமே, ஆஸ்பத்திரியில் இருந்ததைவிடக் குறைச்சல் என்றது தராசு. பிடித்தது சனி.

காசிமாயனின் அக்கா அன்னக்கொடி ராசிங்காபுரத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிட்டாள். இவளுக்குப் பால் பத்தலை, இருக்கிற பாலிலும் சத்தில்லை, டின் பால் கொடுத்தால் பிள்ளை தேறிவிடும் என்று ஒரே பிடி. சந்திரவல்லி மசியவில்லை. டாக்டரம்மா சொன்னதைத் தவிர வேறு எதையும் பிள்ளை வாயில் படவிட மாட்டேன் என்றுவிட்டாள்.

பயலோ ரெண்டு மடக்கு குடிப்பதற்குள் தூங்கிப் போவான். உள்ளங்காலைச் சுரண்டி எழுப்புவாள். மறுபடி ஊட்டுவாள். அவள் தூங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்க அந்த வீட்டில் ஒரு நாதியில்லை.

கன்னம் உப்பின மாதிரிதான் அவளுக்குத் தெரிந்தது. போன வாரச் சட்டை இந்த வாரம் இறுக்கியது. தராசு மட்டும் போதாது போதாது என்றது. கண்ணை நம்பவா, கல்லை நம்பவா?

இன்றைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்டப் போகிற நாள். போகிற வழியில் எடை பார்த்ததில்தான் இந்த லட்சணம்.

"ஏ சந்திரவல்லி, டாக்டரம்மாவும் இதையே சொன்னா பிள்ளை எங்கூட ராசிங்காபுரம் வந்துரும். நான் வளர்த்துக்கிறேன்" என்றாள் அன்னக்கொடி.

காசிமாயன் பஸ்சுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகராசன். முதலாளி உச்சுக் கொட்டி, பால் ஊறப் பூண்டு சாப்பிடும்மா என்று புத்திமதி சொல்லி அனுப்பினார்.

பஸ்சு முழுக்கச் சந்திரவல்லி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டே போனாள். சாயங்காலம் இந்த மடி காலியாகிவிடுமோ என்ற பயம்.

ஆஸ்பத்திரித் தராசில் பிள்ளையைப் போட்டாள் நர்ஸ். முள் விறுவிறுவென்று ஏறி, ரெண்டைத் தாண்டிப் போய் நின்றது.

அன்னக்கொடி நம்பவில்லை. துணியை அவிழ்த்துட்டுப் போடு என்றாள். அம்மணமாகப் போட்டாலும் ரெண்டைத் தாண்டித்தான் நின்றது.

"காலையில ரெண்டு வரலையே. பஸ்சுலயா வளந்தான்?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "இந்த எடையை வச்சுத்தாங்க பிள்ளைகளுக்கு மருந்து அளக்குறோம். இது பிசகுனா உசுரு போயிரும். தினம் சரி பாக்குறது."

டாக்டரம்மா பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார். அவன் அம்மாவிடம் முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இனிமேல் பாலாடைகூட வேண்டியதில்லை என்றார்.

சந்திரவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணாக வந்தது. அன்னக்கொடி அவளை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"எந்நாக்கு அழுகிப் போகட்டும் ஆத்தா. உம் பாலையில்ல குறை சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது அன்னக்கொடியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரியிலிருந்து கண்டக்டர் வரைக்கும், எங்க பயல் ரெண்டு கிலோவுக்கு மேலே என்று சொல்லித் தீர்த்தாள்.

சந்திரவல்லியும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். ஆண்டிபட்டி தாண்டியதும் சிரிப்பு நின்றது. காலையில் ஒரு எடை, மத்தியானம் ஒரு எடை. அவள் புருஷனைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அந்தக் கடைக் கல்லிலேயே ஏலக்காயை நிறுத்துப் போடுகிற காசிமாயன், முகம் வெளிறிப்போய் அவளைப் பார்த்தான்.

போடியில் இறங்கியவள் குரங்கணி ஜீப்பைப் பிடிக்கவில்லை. பிள்ளையோடு நேரே கடைக்கு நடந்தாள். உள்ளே சிலமலை ஆட்களும் குரங்கணி ஆட்களும் காய்ப் பையோடு நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"வா ஆத்தா" என்று பிச்சைமணி தட்டைத் துடைத்தார். "பிள்ளையக் கொண்டா, இன்னொருக்கா எடை பாத்துருவோம்."

"பிள்ளைக்குப் பாத்தாச்சு மொதலாளி. அந்த ரெண்டு கிலோக் கல்லக் குடுங்க. நாலு கடையில அதுக்கு எடை பாத்துட்டு வந்துர்றோம்."