பக்கத்து சீட்டு சம்பந்தம்

மனித வாழ்வின் மகத்தான கேள்விகள் எல்லாம் பயணத்தில்தான் பிறக்கின்றன. விழுப்புரத்தில் பஸ் ஏறிய கோகுலகிருஷ்ணனுக்குப் பிறந்த கேள்வி, பக்கத்து சீட்டுக்காரர் நம்ம ஆளா என்பது.

காரணம் இருந்தது. அந்த மனிதரின் மகனுக்குப் பெங்களூரில் வேலை. போனில் படம் காட்டினார், பையன் ராஜா மாதிரி இருந்தான். கோகுலகிருஷ்ணனுக்கோ மகள் கலைப்பிரியாவுக்கு மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"உங்க பேருங்க?"

"தேவாங்க."

"தேவராஜனா, தேவசகாயமா?"

"வெறும் தேவாதாங்க."

"ஊரு?"

"கண்டாச்சிபுரம்."

"அங்க எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கங்க."

கோகுலகிருஷ்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "குலதெய்வம்?"

"வழியில வர்ற எல்லா சாமியையும் கும்பிட்டுக்கினு போறதுதாங்க."

இப்போது தேவாவின் முறை. "உங்களத் திருவாமாத்தூர்ல ஒரு கல்யாணத்துல பாத்தாப்புல இருக்கே. பொண்ணு வூட்டு சொந்தமா, மாப்ள வூட்டு சொந்தமா?"

"மண்டபம் மாறிப் போயிட்டேங்க."

"ஞாயித்துக்கிழமைன்னா வூட்ல கறியா, காய்கறியா?"

"டாக்டரு எது சொல்றாரோ அதாங்க."

திண்டிவனம் வந்தும் இருவரும் பிடி கொடுக்கவில்லை. இறங்கி ஆளுக்கொரு ஆட்டோ பிடித்தார்கள். இரண்டு ஆட்டோவும் ஒரே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றன. உள்ளே ஆசிரியர்கள் மாலையோடு காத்திருந்தார்கள்.

அடுத்தவர் சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்கும் பழக்கத்தை ஒழிப்பது எப்படி என்பது அன்றைய பயிலரங்கு. காலை வகுப்பைக் கோகுலகிருஷ்ணன் எடுத்தார். மதிய வகுப்பைத் தேவா எடுத்தார்.