லாரிக்கு ஒரு புது மூக்கு

"பரணியில பொறந்தவன் தரணி ஆளுவான்னு சொல்லுவாங்க. நீ ஒரு லாரியக்கூட ஆள மாட்டேங்கியேடே!"

கரமனை ஆற்றங்கரையில் ஞானையனின் லாரிப் பட்டறை வாசலில் நின்று கோமதிநாயகம் பிள்ளை போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் அவருக்கு. டீசல் லாரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவன் டிரைவர் வேலப்பன்.

"முதலாளி, ஆரியங்காவு மலை ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குது. கரும்புகையாத் தள்ளுது. ஒரு மாசமா, வாரத்துக்கு வாரம் மோசமாயிட்டு வருது..."

"வண்டிக்கு மூச்சு வாங்குதா, ஒனக்கு ஒடம்பு வணங்கலையா? கேட்டுக்கோ. நாளைக்கு வெள்ளிக்கிழமை, செங்கோட்டைக்கு லோடு எடுக்கப் போற. இந்தத் தடவையும் வழியில நின்னுச்சுன்னா, சாவிய வச்சிட்டு ஊரைப் பாத்துப் போயிரு!"

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞானையன் பானெட்டைத் தூக்கினான். அவனுக்கு வாயும் கையும் ஒன்றாகத்தான் ஓடும்.

"என்னவே வேலப்பா, இந்த மனுசன்கிட்ட எப்படித்தான் குப்பை கொட்டுறீரோ! போன மாசம் அந்த ஏத்தத்துலதானே ஒருத்தன் லாரியோட உருண்டு செத்துப்போனான்? இவருக்கு அதுல எள்ளளவு கவலை உண்டுமா? வத்தல் மூட்டை வந்து சேரணும், அம்புட்டுதான்."

"நாலு பிள்ளையப் பெத்தவன், இந்த வேலையும் போனா எங்க போவேன் ஆசானே? வண்டியப் பாரும்."

எஞ்சின் காற்று இழுக்கும் தகரவாய் ஒன்று பானெட்டுக்குள் ஓரமாக உண்டு. அதற்குள் கையை விட்ட ஞானையன், "கர்த்தாவே!" என்றான்.

எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு இன்னும் இரண்டு. ஆக உள்ளே இருந்தது எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தது.

ஒன்றைப் பிரித்தால், வாழையிலைத் துண்டில் அருகம்புல், சந்தனம், சருகாகிப்போன செம்பருத்தி. பழவங்காடிப் பிள்ளையார் பிரசாதம்!

வேலப்பனுக்கு விளங்கிவிட்டது.

"ஒரு மாசமா வெள்ளிக்கிழமை தோறும் முதலாளி கோயில் முன்னால பானெட்டத் தொறக்கச் சொல்லுவாரு. எஞ்சினுக்குத் தீர்த்தம் தெளிக்கணும்னு. என்னையத் தேங்கா ஒடைக்க அனுப்பிருவாரு..."

ஞானையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வெளக்கு வைக்கிற மாடம்னு நெனச்சிட்டாராக்கும்! வண்டிக்கு மூச்சு முட்ட முட்ட, மனுசன் இன்னொரு முடிச்ச வச்சு அடைச்சிருக்காரு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு! இதைக் கொண்டுபோயி அவரு மூஞ்சிக்கு நேர நீட்டும், வே!"

வேலப்பன் பிரித்த முடிச்சைக் கிளறிப் பார்த்தான். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தான். சற்று நேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு பழையபடியே முடிந்து நீட்டினான்.

"ஆசானே, ஒரு உபகாரம். இது இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

"என்னது?"

"நாளைக்கும் ஒண்ணு வைப்பாரு. இந்த வாய்க்குப் பின்னால ஒரு தகடு வச்சு அடைச்சிரும். எஞ்சினுக்கு வேற பாதையா, மேல கூடி ஒரு குழாய் விட்டுக் குடும்."

ஞானையனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"துணிய எடுத்து எறிஞ்சாத் தீர்ந்துது வேலை! இதுக்கு ஒரு குழாயா? உள்ளதைச் சொல்லப் பயமாக்கும்! இப்படிக் காக்கா பிடிச்சு என்னத்தக் கண்டீரு?"

வேலப்பன் ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தான். திட்டிக்கொண்டேதான் ஞானையன் தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்தான். சாயங்காலத்துக்குள் டிரைவர் கூண்டுக்குப் பக்கவாட்டில், கூரை உயரத்துக்கு, தொப்பி போட்ட குழாய் ஒன்று எழுந்து நின்றது. ரோட்டுப் புழுதி எட்டாத உயரம். நல்ல குளிர்ந்த காற்று. திட்டினாலும் வேலை சுத்தம்.

திங்கட்கிழமை காலையில் லாரி பட்டறைக்கு வந்தது. பின்னாலேயே பிள்ளைவாளும் வந்தார்.

"ஏத்தத்துல ஒரு எடத்துலயும் நிக்கலியாமே! எல்லாம் நம்ம பிள்ளையார் பாத்துக்கிட்டது." குழாயை அப்போதுதான் பார்த்தார். "இது என்னடே, லாரியில நாயனத்தக் கட்டி நிறுத்தியிருக்க? வண்டி ஓட்டத் துப்பில்ல, அலங்காரம் ஒரு கேடா?"

"தப்புதான், முதலாளி."

ஞானையனுக்கு நாக்குத் துறுதுறுத்தது.

"முதலாளி, வண்டி இப்பம் ஓடுனது எதனாலன்னா..."

"பிள்ளையார் புண்ணியம்!" என்று வேலப்பன் குறுக்கே விழுந்து முடித்தான்.

"பின்னே! அதைச் சொல்லு!" என்று பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

ஞானையன் ஸ்பானரை வீசி எறிந்தான்.

"நீரு மனுசனாவே? உம்ம சோத்துல மண்ணப் போடப் பாத்த ஆளு! அவரு செஞ்ச முட்டாத்தனத்துக்கு நீரு ஏச்சு வாங்கணுமா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திருவாரு ஆசானே."

"நிறுத்தட்டுமே! உமக்கென்ன நட்டம்?"

வேலப்பன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். யார் பேருக்கு அர்ச்சனை என்று கோயிலில் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு.

"நாலு முடிச்சுலயும் ஒவ்வொண்ணு இருந்துது. இதை மட்டும் நான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

லாரி நம்பரை எழுதியிருப்பார் என்று எண்ணியபடி ஞானையன் பிரித்தான். பென்சிலில், பிள்ளையின் கோணல் கையெழுத்து:

'வேலப்பன். பரணி நட்சத்திரம். தீர்க்காயுசுக்கு.'