விளாவாத வெந்நீர்

கீசரைக் கழற்றி மெக்கானிக் தட்டித் தட்டி எடுத்த உப்பு ஒரு முறம் நிறைய வந்தது. காரை பெயர்ந்ததுபோலக் கட்டி கட்டியாகக் கிடந்ததை வசந்தாமணி அள்ளிக் குப்பையில் போட்டாள். "இனிச் சட்டுன்னு சூடாயிருமுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவன் போனான். மறுநாளும் அவள் தன் சர்க்கரை மாத்திரையை விழுங்கி, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கீசரைப் போட்டாள். வழக்கம்போல மூன்றாவது விசிலுக்கு அணைத்தாள். இத்தனை வருஷமும் அதற்குள் வெதுவெதுப்புத்தான் வந்திருக்கும், விளாவ வேண்டியதில்லை. சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன புருஷனை நாற்காலியில் உட்காரவைத்தாள். வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மொண்டு மொண்டு அவர் காலில் ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரன் சுவர் எழுப்புவதைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் செக்கச்செவேலென்று சிவந்து உப்பத் தொடங்கியதும் அவள் சொம்பை நிறுத்தினாள்.

"ஏம்புள்ள நிறுத்திப்போட்டே? ஊத்து."

"ஏனுங்க, சுடலீங்களா?"

"எனக்கெங்க சுடுது? நீதான கைய உட்டுப் பாத்தே."

வசந்தாமணி தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரைக்கும் அவர் காலைப் போலவே சிவந்திருந்தது; அவளுக்கும் சுடவே இல்லை.