கைக்கு எட்டும் கஷாயம்

கடுக்காய்க் கஷாயம் நோயில் கிடந்த பத்திரையின் பாய்க்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பிக்குணிகளின் மடத்தில், இன்னொருவர் கையில் கொடுக்காத எதையும் வாயில் வைக்கக் கூடாது; மருந்தும் அதில் அடக்கம். அதனால் அவளுக்குத் துணையாக விடப்பட்ட நந்தை, துவைக்கிற துணியைப் பாதியில் போட்டுவிட்டு நாளுக்குப் பத்து முறை ஓடி வந்து, அவள் தலைமாட்டில் இருப்பதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கே வலி என்று கேட்டால் பத்திரை கூரையைப் பார்த்துக்கொண்டு, "வருது, போகுது" என்பாள்.

"வந்து போக அது என்ன விருந்தாளியா? வயிறா, முதுகா, சொல்லித் தொலையேன்! எதுக்குன்னு தெரியாம நான் என்னத்த அரைக்கிறது?"

"ஒரு இடத்துல நின்னாத்தானே சொல்ல முடியும்?"

ஒன்பதாம் நாள் காலை மற்றவர்கள் பிச்சைக்குப் போனபின் நந்தைக்கே காய்ச்சல் கண்டது. பத்திரையின் அருகில் பாயைப் போட்டுச் சுருண்டாள். இருவருக்கும் நடுவே கஷாயம். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. அந்தக் கலயத்தை முறைத்துக்கொண்டே கிடந்தாள்.

ஒன்பது நாளாக எழுந்து உட்காராத பத்திரை முழங்கையை ஊன்றி எழுந்தாள். கலயத்தைத் தூக்கியதில், நந்தை துவைத்து வைத்திருந்த ஆடையில் பாதியைச் சிந்தினாள். மீதியோடு கலயத்தை நந்தையின் கைகளில் வைத்தாள்.

"எங்க வலிக்குது?" என்றாள் பத்திரை.

கசப்பு நந்தையின் தொண்டையில் இறங்கியது. தலையில் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வலி இடுப்புக்குப் போயிருந்தது.

"வருது, போகுது" என்றாள் நந்தை, பல்லைக் கடித்துக்கொண்டு.