நின்ற வண்டியில் ஓடும் விசிறி

ஓய்வுபெற்ற மேலாளரின் மின்சாரக் காருக்காக மெக்கானிக் வருவது இது மூன்றாம் முறை. நிறுத்தி வைத்த வண்டியில் விசிறி ஓடுகிறது. சாயங்காலத்துக்குள் பேட்டரி சார்ஜ் பத்து சதவீதம் காலி.

"முந்நூறு பேரைக் கட்டி மேய்ச்சவன் நான். இன்னைக்கும் கண்டுபிடிக்கலைன்னா உன் வேலைக்கு உலை வெச்சுடுவேன்" என்ற மேலாளர், பேட்டரி என்றால் என்னவென்று அவனுக்கே முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். பிறகு, தான் எழுதிய பன்னிரண்டு பக்கப் புகாரை எடுத்துவர உள்ளே போனார்.

காதைத் தேய்த்துக்கொண்டே மெக்கானிக் கார்க் கதவைத் திறந்தான். முன்னிருக்கை படுக்கை போலச் சாய்ந்திருந்தது. மேலே ஒரு தலையணை.

"என்னுதுதான் தம்பி." பின்னால் மேலாளரின் மனைவி நின்றிருந்தாள். "ரிட்டையரானதுலேருந்து அவர் வாய் ஓயல. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போன்ல யாருக்காவது உபதேசம் ஆரம்பிப்பார், நாலு வரைக்கும் வீடே அதிரும். நான் இங்க வந்து கண்ணாடிய ஏத்திட்டு, ஏசி போட்டுப் படுத்துக்குவேன். வேற போக்கிடம் இல்லப்பா."

புகாரோடு மேலாளர் வந்துவிட்டார். "என்ன, கோளாறு பிடிபட்டுதா?"

மெக்கானிக் கார்க் கதவைச் சாத்தினான். "பிடிபட்டுது சார். தினமும் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் சார்ஜர்ல மாட்டி வைங்க. விசிறி ஓடத்தான் செய்யும். அப்போ நீங்க மட்டும் பக்கத்துல வராதீங்க."

"சும்மா நின்னு பேசக்கூடவா கூடாது?"

"முக்கியமா அதைத்தான் சார் தாங்காது."