ஒன்பது குழிகள்

மலைக்கிராமத்து அந்த வீடு முந்நூறு வருஷப் பழசு. லண்டனில் ஒரு கார் நிறுத்த இடம் வாங்கும் காசுக்கு இங்கே முற்றமும் கிணறுமாக முழு வீடே கிடைக்கும். குகதாசன் கைபேசியைக் கிணற்றுக் கட்டில் சாய்த்து வைத்து, லண்டனில் இருந்த மனைவிக்கு முற்றத்தைக் காட்டினார். எதிர்ச்சுவரில், நெஞ்சுக்குக் கீழே, ஒன்பது குழிகள். ஆலங்கட்டி மழை கொத்தியது என்றான் தரகன்.

"நல்லதாப் போச்சு. அந்த ஓட்டையளைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ," என்றாள் நளாயினி.

எந்த மழை இப்படி வரிசை பிடித்துப் பெய்யும்? குகதாசன் ஒரு குழிக்குள் சுட்டுவிரலை விட்டார். இரண்டாவது மூட்டு வரை போனது. ஊரில் தமையனைச் சுட்ட பள்ளிக்கூடச் சுவரிலும் இதே விரல் இவ்வளவுதான் போயிருந்தது. சுவரைப் பார்த்தபடி மெல்ல முழங்காலிட்டார். எட்டுக் குழிகள் அவர் நெற்றிக்கு நேராக வந்தன. ஒன்பதாவது, ஒரு பிள்ளையின் நெற்றிக்கு.

பின்னால், தரகன் கதவைத் திறக்க, துருப்பிடித்த தாழ்ப்பாள் சடக்கென்று பின்னுக்கு வந்தது.

"என்னப்பா," கைபேசியில் நளாயினியின் குரல் கேட்டது. "ஏன் ரெண்டு கையையும் பிடரியில கோத்து வச்சிருக்கிறியள்?"