வெளிறிய காய்

"பதினேழு இஞ்சு ஸ்கிரீன் அண்ணே. டெஸ்க்டாப்பைத் தூக்கி ஓரமா வச்சிட்டு இது ஒண்ணையே வச்சுக்கலாம். பாட்டுக் கேட்டுப் பாக்குறீங்களா?" என்றாள், போடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வித்யா.

"பாட்டு எதுக்கு தாயி? என் சோலிக்குக் கலரு சரியாத் தெரியணும். இந்தப் போட்டோவைப் போடு" என்று பென்டிரைவை நீட்டினார் ஏலக்காய் வியாபாரி ராக்கையா.

திரை முழுக்கப் பச்சைப் பசேலென்று ஏலக்காய்.

"பொய் சொல்லுதே! இது வெளிறுன காயாச்சே. வேற கொண்டா."

அடுத்த லேப்டாப்பிலும் பச்சை. அதற்கடுத்ததிலும் பச்சை.

"மூணும் சேந்தா பொய் சொல்லும்? உங்க பழைய மானிட்டருதாண்ணே மங்கிப்போயிருக்கும். காயை நேர்ல பாத்தீங்களா?"

ராக்கையா பார்க்கவில்லை. ஆடியில் போடிமெட்டுத் தோட்டத்திலிருந்து வந்த இந்தப் போட்டோவை வைத்தே, காயை மலையிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். வெளிறலைக் கலந்துவிட்டாள் என்று, இருபது வருஷமாய்த் தரம் பிரித்த ஒச்சம்மாளைப் போனிலேயே ஏசி, வேலையை விட்டு நிறுத்தியும்விட்டார்.

வித்யாவின் முகத்தைப் பார்க்கக் கூசி, வாசலுக்கு வந்து ஒச்சம்மாளுக்குப் போன் போட்டார்.

"ஒச்சம்மா... அந்த ஆடி மாசத்துக் காயி..."

"மொதலாளி, தப்பு எம்மேலதான்" என்று அவசரமாகக் குறுக்கிட்டாள் அவள். "எங் கண்ணு கெட்டுப்போனது எனக்கே தெரியல. இப்பக் கண்ணாடி வாங்கிப் போட்டுட்டேன். இனிமே பிசகாது. நாளைக்கு வேலைக்கு வரட்டுமா?"